பத்திரம் யார் பெயரில்?

கடல் கடந்து உழைக்கும் சகோதரரே! நீங்கள் அனுப்பிய பணத்தில் ஊரில் வீடு வாங்கும்போது, வசதி கருதித் தம்பியின் பெயரில் பத்திரம் முடித்துவிடுகிறீர்கள். பின்னாளில் பாகப்பிரிவினை வரும்போதுதான், 'வீடு யாருடையது?' என்ற கேள்வி எழுகிறது.

அந்நாளில் சட்டம் உங்களுக்குத் துணை நிற்காது. 1988ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கணக்குக் காட்டக்கூடிய பணத்தில் மனைவி, மக்கள் பெயரில் வாங்க விலக்கு உண்டு. உடன்பிறந்தார் பெயரில் என்றால், பத்திரத்தில் உங்கள் பெயரும் கூட்டு உரிமையாளராக இருந்தாக வேண்டும். இல்லையேல், 'பணம் என்னுடையது' என்று வழக்காட இயலாது. சொத்தே பறிமுதலாகவும் கூடும்.

பதிவுக்கென்று விடுமுறை எடுத்து வரவும் வேண்டியதில்லை. இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, நம்பிக்கையானவருக்குப் பவர் பத்திரம் அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். கிரயத் தொகையை வங்கிக் கணக்கின் வழியே கொடுங்கள். வீடு வாங்க ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி தேவையில்லை. ஆனால், வெளிநாட்டில் குடியிருக்கும்போது விளைநிலமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க இயலாது. மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

தம்பியின் மனம் நோகுமோ எனத் தயங்க வேண்டாம். கடனையே எழுதி வைக்கப் பணித்த மார்க்கம் நம்முடையது. இன்று தெளிவாக எழுதப்படும் பத்திரம், நாளை உங்கள் பிள்ளைகளும் அவர் பிள்ளைகளும் முகங்கொடுத்துப் பேச வழிசெய்யும்.