குடியிருக்கும் வீட்டில் புதுக்குடித்தனம்
(இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் புதிய செயலியை நிறுவுவது பற்றி)

ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரில் இன்னொரு செயலியை நிறுவ எவ்வளவு நேரமாகும் என்று கணினித் துறையினரைக் கேட்டால், "ஐந்து நிமிட வேலை" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். என்னுடைய ஐந்து நிமிடம் ஒரு காலைப்பொழுதில் நாற்பது நிமிடமாக நீண்டு, வயதான நோயாளிகள் பலரைக் காக்க வைத்தது. அந்த அனுபவத்தையும் அதிலிருந்து கற்றதையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். உங்கள் பிள்ளைகளோ, உங்கள் அலுவலகத்துக் கணினிப் பொறுப்பாளரோ இதைப் படித்துப் பயனடையலாம்.

சர்வர் என்பது யாது?

ஜாவா மொழியில் எழுதப்படும் வலைச்செயலிகள், வழக்கமான முறையில், தாமாகத் தனித்து இயங்குவதில்லை. உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை வாங்கி, உரிய செயலியிடம் கொடுத்து, பதிலைத் திருப்பி அனுப்ப ஒரு சர்வர் தேவைப்படுகிறது. அவற்றுள் மிகப் பரவலானது டாம்கேட். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் என்பவர் உருவாக்கத் தொடங்கிய இது, 1999இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

டாம்கேட்டை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு செயலியும் ஒரு குடித்தனம். புதிதாக வரும் குடித்தனம் தன் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருகிறது. அந்த மூட்டைக்கு 'வார்' கோப்பு என்று பெயர். அதை 'வெப்ஆப்ஸ்' என்னும் அடைவில் வைத்தால், பத்து விநாடிக்கு ஒருமுறை அந்த அடைவைப் பார்க்கும் டாம்கேட் மூட்டையைத் தானே பிரித்துச் செயலியைத் தொடங்கிவிடும். மூட்டையின் பெயரே கதவு எண். 'மருந்து' என்று பெயரிட்டால், முகவரியில் சர்வரின் பெயரை அடுத்து 'மருந்து' என்று வரும்.

கதவுகள் தனித்தனி என்றாலும் தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். அங்கேதான் நான் தவறினேன்.

நடந்தது என்ன?

நண்பர் ஒருவர் நடத்திவந்த சிறு கிளினிக்கில், நோயாளிகளுக்கு வரிசை எண் தரும் செயலி டாம்கேட்டில் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது. மருந்து இருப்பைக் கணக்கிட்டு, மருந்து உறைகளில் ஒட்டும் சீட்டை அச்சிடும் இன்னொரு செயலியையும் அதே சர்வரில் நிறுவித் தருமாறு கேட்டார். ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு, கூடத்தில் ஆட்கள் நிரம்பியிருந்தபோதே, நான் வார் கோப்பைப் போட்டேன். செயலி தொடங்கியது. மகிழ்ச்சியோடு முதல் இருப்புப் பட்டியலை எடுத்தேன். அது பல ஆண்டுக் கணக்கு முழுவதையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் இழுத்தது.

சர்வரில் உள்ள செயலிகள் அனைத்தும் ஒரே நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. எவ்வளவு என்று நாம் குறிப்பிடாவிட்டால், ஜாவா பொதுவாகக் கணினியின் நினைவகத்தில் கால் பங்கையே தன் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளும். அந்தக் கணினியில் இருந்தது 4 கிகாபைட். ஆகவே கிடைத்தது 1 கிகாபைட். புதிய செயலி தொட்டியைக் காலி செய்தது. ஒரு தவறும் செய்யாத பழைய செயலி தாகத்தில் மயங்கியது. கூடத்தில் இருந்த எண் பலகை நின்றுபோனது.

முகப்பில் இருந்த பெண் பதறாமல் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கையால் எண் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். என் பக்கத்தில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், "தம்பி, என் நம்பர் போயிடுச்சா?" என்று கேட்டார். இருபது ஆண்டுகளாகக் கணினியோடு பழகிய எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

மறுமுறை செய்தவை

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை, கிளினிக் மூடியிருந்த நேரத்தில், மீண்டும் தொடங்கினேன். இம்முறை கடைப்பிடித்த ஒழுங்கு இதுதான்.

முதலாவது, குடியிருப்பவரை அறிதல். சர்வரின் பதிப்பு என்ன, ஜாவாவின் பதிப்பு என்ன, அங்கே ஏற்கெனவே எவை ஓடுகின்றன என்று எழுதிவைத்துக்கொண்டேன். டாம்கேட் 9க்கு ஜாவா 8 போதும், 10.1க்கு ஜாவா 11, டாம்கேட் 11க்கு ஜாவா 17 குறைந்தபட்சம் தேவை. பழைய செயலியின் அமைப்புகளையும் தரவுத்தளத்தையும் படியெடுத்துப் பத்திரப்படுத்தினேன்.

இரண்டாவது, பெயர் மாற்றத்தைக் கவனித்தல். ஆரக்கிள் நிறுவனம் 2017இல் ஜாவாவின் நிறுவனப் பிரிவை எக்லிப்ஸ் அறக்கட்டளைக்கு அளிக்க முடிவு செய்தது. அதன் பின் அதற்கு ஜகார்த்தா என்று பெயர் வந்தது. 2020இல் வெளிவந்த ஜகார்த்தா 9ஆம் பதிப்பில், நிரலின் உள்ளே 'ஜாவாக்ஸ்' என்று தொடங்கிய பெயர்கள் 'ஜகார்த்தா' என்று மாறின. டாம்கேட் 10 முதல் புதிய பெயரே செல்லும். பழைய செயலியை அப்படியே அங்கே போட்டால், மூட்டை பிரியும். ஆனால் உள்ளே ஒன்றும் வேலை செய்யாது. அத்தகைய செயலியை 'வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ' என்னும் அடைவில் வைத்தால் டாம்கேட்டே பெயர்களை மாற்றி எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவது, அவரவர் சாமான் அவரவர் வீட்டில். செயலிக்கு வேண்டிய நூலகக் கோப்புகளை அதன் 'வெப்-இன்ஃப்' அடைவுக்குள்ளேயே வைக்க வேண்டும். சர்வரின் பொது 'லிப்' அடைவில் போட்டால் அவை எல்லாச் செயலிகளின் கண்ணிலும் படும். வேறு பதிப்பை நம்பியிருக்கும் பழைய செயலி குழம்பலாம். அதேபோல், பயனர் ஏற்றும் படங்களையும் ஆவணங்களையும் பிரிக்கப்பட்ட மூட்டைக்குள் சேமிக்கக் கூடாது. அடுத்த பதிப்பைப் போடும்போது டாம்கேட் அந்த அடைவை அழித்துவிட்டுப் புதிதாகப் பிரிக்கும். சேமித்தவை அதனோடு போய்விடும்.

நான்காவது, தண்ணீரை அளத்தல். 'பின்' அடைவில் 'செட்என்வ்' என்ற கோப்பை உருவாக்கி நினைவக உச்சவரம்பை 2 கிகாபைட் என்று எழுதினேன். இது நடைமுறைக்கு வர சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது என்பதால், இருப்புப் பட்டியலை ஐம்பது ஐம்பது வரிகளாகத் தருமாறு செயலியையும் திருத்தினேன்.

ஐந்தாவது, கோப்பை முழுமையாகக் கொண்டுவருதல். பெரிய வார் கோப்பை நேராக 'வெப்ஆப்ஸ்' அடைவுக்குப் படியெடுத்தால், பாதி வந்த நிலையிலேயே டாம்கேட் அதைப் பிரிக்க முற்படலாம். அதே வட்டில் வேறோர் அடைவில் இறக்கிவிட்டு, பிறகு உள்ளே நகர்த்துவதே பாதுகாப்பு.

ஆறாவது, பதிவேட்டைப் படித்தல். உலாவியில் 404 என்று மட்டும் தெரிந்தால் கலங்க வேண்டாம். 'லாக்ஸ்' அடைவில் 'கேட்டலினா' எனத் தொடங்கும் கோப்பு "செயலி தொடங்கவில்லை" என்பதோடு நின்றுவிடலாம். காரணம் அதன் அருகே 'லோக்கல்ஹோஸ்ட்' எனத் தொடங்கும் கோப்பில் இருக்கக்கூடும். இதை அறியாமல் இரவெல்லாம் தேடியவர்கள் உண்டு.

தமிழ் எழுத்தும் ஒரு சோதனை

எல்லாம் முடிந்தது என்று எண்ணி ஒரு மருந்துச் சீட்டை அச்சிட்டேன். "உணவுக்குப் பின்" என்று வரவேண்டிய இடத்தில் விநோதக் குறிகள் வந்தன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட்டுகள் ஆகின்றன. படிவத்தில் வரும் எழுத்து எந்த முறையில் உள்ளது என்று சொல்லப்படாதபோது, டாம்கேட்டின் பழைய பதிப்புகள் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்துமுறை என்று கொள்கின்றன. அதனால் ஒவ்வொன்றும் மூன்று அந்நியக் குறிகளாக உடைகிறது. 'வெப்' அமைப்புக் கோப்பில் யூடிஎஃப்-8 என்று ஒரே ஒரு வரி சேர்த்ததும் தமிழ் சரியாக வந்தது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்திருந்தால் இப்பிழை என் கண்ணில் பட்டிருக்காது. அந்த மூதாட்டியின் கைக்குப் போகும் சீட்டில்தான் பட்டிருக்கும். எந்த மாத்திரையை எப்போது உண்பது என்று அவர் யாரைக் கேட்பார்?

நிறைவாக

திங்கட்கிழமை காலை நான் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து எண் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நிற்கவில்லை. முகப்பில் இருந்த பெண் மட்டும் அந்த நோட்டுப் புத்தகத்தை உள்ளே வைக்காமல் மேசைமீதே வைத்திருந்தார். நான் அதைக் கண்டு புன்னகைத்தேன். அவர் செய்ததே சரி.

புதிய செயலி ஓடுகிறதா என்று பார்ப்பது பாதி வேலைதான். பழையது இன்னும் ஓடுகிறதா என்று பார்ப்பது மீதிப் பாதி. புதுக்குடித்தனம் வைப்பவர் முதலில் அக்கம்பக்கத்தாரின் கதவைத் தட்டி நலம் விசாரிப்பது நம் வழக்கம். சர்வரிலும் அந்த வழக்கத்தைக் கைவிடாதிருப்போமாக.