வெயிலில் இருந்து வெளிச்சமும் உரமும்



"பச்சை ஐதரசன் வந்தால் லயத்துக்கு கரண்ட் மலிவாகுமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். மொரோக்கோ நாட்டை உதாரணமாக எடுத்துப் பார்ப்போம்.

அங்கே வார்சசாத் என்னும் வறண்ட பிரதேசத்தில் 2016 முதல் நூர் சூரிய மின்நிலையம் இயங்குகிறது. அதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, கூரைகளில் நாம் காணும் சோலார் பெனல். செலவு குறைவு, ஆனால் பொழுது சாய்ந்தால் பட்டரி வேண்டும். மற்றது கண்ணாடி முறை. பெரிய கண்ணாடிகள் வெயிலை ஒன்றுசேர்த்துச் சூடாக்கும். அந்தச் சூட்டை உருகிய உப்பில் சேமித்து, இருட்டிய பிறகும் நீராவியால் மின்சாரம் எடுப்பார்கள். இதற்குச் செலவு அதிகம், நேர் வெயிலும் வேண்டும். பனிமூட்டமுள்ள நமது மலைக்குச் சரிவராது.

பச்சை ஐதரசன் என்பது இப்படியான மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் வாயு. ஒரு கிலோ எடுக்க சுமார் 50 அலகு மின்சாரம் போகும். அதைத் திரும்பவும் கரண்டாக மாற்றினால் பாதிகூட மிஞ்சாது. ஆகவே லயத்து விளக்குக்கு பெனலும் பட்டரியுமே மேல்.

அப்படியென்றால் ஐதரசன் எதற்கு? உரத்துக்கு. ஐதரசனில் இருந்து அமோனியா, அமோனியாவில் இருந்து யூரியா. அமோனியாவை இறக்குமதி செய்து உரம் தயாரிக்கும் மொரோக்கோ, அதை வெயிலால் தானே செய்யத் திட்டமிடுகிறது. 2021இல் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபின் கொழுந்து குறைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

எனவே, "ஐதரசன் கரண்ட் தருகிறோம்" என்று யாராவது முற்பணம் கேட்டு வந்தால் கொடுத்துவிடாதீர்கள். முதலில் நலன்புரி உத்தியோகத்தரிடம் வந்து விசாரியுங்கள்.