சுவர் முழுக்கப் படம்... சாவி யாரிடம்?

கூகுளில் ஒரு படம் தேடணும்னா என்ன செய்வீங்க? கட்டம் கட்டமா வர்றதைக் கீழே தள்ளிக்கிட்டே போவீங்க. 2008-ல் நாங்க தேடின ஸ்டைலே வேற!

'பிக்லென்ஸ்'னு ஒரு ஆட்-ஆன். கொஞ்ச நாளில் 'கூல்ஐரிஸ்'னு பேர் மாறிடுச்சு. கூகுள் இமேஜஸ், ஃப்ளிக்கர் மாதிரி தளங்களில் படத்து மேல மவுஸைக் கொண்டுபோனா, ஓரத்தில் குட்டியா ஒரு அடையாளம் எட்டிப் பார்க்கும். க்ளிக்கினா ஸ்கிரீன் மொத்தமும் கறுப்பாகும். அடுத்த நொடி, ஒரு நீளமான சுவர். சுவர் முழுக்கப் படங்கள்! பிடிச்சு இழுத்தா சுவர் ஒருபக்கமா சாய்ஞ்சுகிட்டே ஓடும், ரயில் ஜன்னல்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற மாதிரி. மவுஸ் சக்கரத்தை உருட்டினா படம் முகத்துக்குக் கிட்ட வரும். 'அடுத்த பக்கம்'னு தட்டுற வேலையே கிடையாது. (பிரவுசிங் சென்டர் பழைய கம்ப்யூட்டர்ல இதைப் போட்டு மெஷினே உறைஞ்சு நின்னப்போ, 'தம்பி, என்னத்தப்பா ஏத்தித் தொலைச்ச?'னு ஓனர் அண்ணன் கத்தினது தனிக்கதை.)

இப்ப தேடாதீங்க, கிடைக்காது. 2014 நவம்பரில் அந்த கம்பெனியை யாஹூ வாங்கிடுச்சு. பிரவுசருக்குள் புகுந்து கம்ப்யூட்டரின் உள்வேலை வரைக்கும் கைவைக்கிற பழைய டைப் ப்ளக்-இன்களுக்கு 2015-ல் க்ரோம் கதவைச் சாத்தியது. ஃப்ளாஷை மட்டும் விட்டுவிட்டு, 2017-ல் ஃபயர்பாக்ஸும் சாத்தியது. பாதுகாப்புதான் காரணம்.

சரி, இன்னிக்கு அதே மாதிரி கலக்கலா ஏதாவது போட்டுப் பார்க்கலாம்னு ஸ்டோருக்குள்ள போறீங்க. 'சேர்' பட்டனை அமுக்கினதும் ஒரு பெட்டி வரும். 'எல்லா வெப்சைட்டிலும் உங்கள் டேட்டாவைப் படிக்கவும் மாற்றவும்' அனுமதி கேட்கும். நம்மில் எத்தனை பேர் அதைப் படிக்கிறோம்? நானும் படிச்சதில்லை, 'ஸ்டைலிஷ்' கதை தெரியும் வரை.

வெப்சைட்டின் நிறம், எழுத்து, பின்னணி எல்லாத்தையும் நம்ம இஷ்டத்துக்கு மாத்துற ஆட்-ஆன் அது. சுமார் 20 லட்சம் பேர் வெச்சிருந்தாங்க. 2018 ஜூலையில் ஒரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர் உட்கார்ந்து நோண்டினப்போதான் தெரிஞ்சது: நீங்க போற ஒவ்வொரு பக்கத்தின் முகவரியும், உங்களுக்குன்னு ஒரு அடையாள எண்ணோட, கம்பெனி சர்வருக்குப் போய்க்கிட்டு இருந்தது! முகவரிதானேன்னு லேசா விடாதீங்க பாஸ். பாஸ்வேர்டு மாத்த மெயிலில் வர்ற லிங்க் இருக்கே, அதுவும் ஒரு முகவரிதான். விஷயம் வெளியே வந்ததும் க்ரோமும் ஃபயர்பாக்ஸும் ஸ்டோரில் இருந்து அதைத் தூக்கிட்டாங்க.

பக்கத்தை அழகாக்கணும்னா பக்கத்தைப் படிச்சே ஆகணும். அதனால அனுமதி கேட்கிறதே தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா பேங்க் பக்கம், ஹால் டிக்கெட் பக்கம்னு எல்லா இடத்துக்கும் அது கூடவே வரணுமா? க்ரோமில் அந்த எக்ஸ்டென்ஷனின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய், 'சைட் ஆக்ஸஸ்'ல 'ஆன் க்ளிக்'னு மாத்துங்க. நீங்க கூப்பிட்டா மட்டும்தான் வரும். 'எனக்கு எல்லாப் பக்கமும் வேணும்'னு அடம்பிடிச்சா, அன்-இன்ஸ்டால் பண்ணிட்டு கேன்டீனுக்குக் கிளம்புங்க. டீ ஆறிடப் போகுது!