சூடு ஆறினால்தான் ஸ்டார்ட் ஆவேன்!

திருச்செங்கோட்டிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவரிடம் இருப்பது பழைய மினி லாரி, ரோட்டரி பம்ப் வைத்த எஞ்சின். காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கிறது. லோடோடு மேடேறினாலும் இழுவையில் குறையில்லை. டீ குடிக்க நிறுத்திவிட்டு இருபது நிமிடம் கழித்து வந்தால் செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிப்பதில்லை. இறக்கத்தில் உருட்டி கிளட்சை விட்டால் பிடிக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரம் ஆறவிட்டாலும் பிடிக்கிறது. புது பேட்டரி போட்டாயிற்று, டேங்கில் ‘பவர் பூஸ்டர்’ பாட்டிலும் ஊற்றியாயிற்று. எல்லாம் கந்தகம் குறைந்த புது டீசலின் வேலை என்று வாட்ஸ்அப் வீடியோ ஒன்று சொல்கிறதாம். உண்மையா என்று கேட்கிறார்.

வேடிக்கையான கேள்விதான். அமுக்கிய காற்றின் சூட்டில் டீசல் தானாகப் பற்றிக்கொள்வதுதான் இந்த எஞ்சினின் தத்துவம். எஞ்சின் சூடாக இருந்தால் இன்னும் சுலபமாகப் பற்ற வேண்டும். பற்றவில்லை என்றால், உள்ளே டீசல் போய்ச் சேரவில்லை என்று சந்தேகிக்கலாம்.

நாசில் திறந்து டீசலைத் தூவ ஏறக்குறைய 200 பார் அழுத்தம் வேண்டும். அதைக் கொடுப்பது பம்புக்குள் இருக்கும் பிளஞ்சர். அது ஓடும் துளைக்கும் அதற்கும் நடுவே சில மைக்ரான்தான் இடைவெளி. வாஷரோ ரப்பர் சீலோ கிடையாது. அந்த இடைவெளியில் நிற்கும் டீசலின் கெட்டித்தன்மைதான் சீல். இதுதான் விஷயத்தின் அழகு, வம்பும் அதுதான்.

ஆடிக் கூழை உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு பத்தடி நடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறிய கூழ் கெட்டியாக நிற்கும். சூடான கூழ் விரலிடுக்கில் ஒழுகும். 80 டிகிரியில் டீசலின் பாகுத்தன்மை, 35 டிகிரியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆகவே ஒழுக்கு இரண்டு மடங்கு. அடுத்து, விரலிடுக்கு. இடைவெளி இரட்டிப்பானால் ஒழுக்கு இரட்டிப்பதில்லை, எட்டு மடங்காகிறது. தேய்ந்த பம்ப் என்பது விரல் சேராத கை. மூன்றாவது, நடையின் வேகம். ஓடினால் பாதியாவது கொண்டுபோய்ச் சேர்க்கலாம்; அசைந்து அசைந்து போனால் போய்ச் சேரும்போது கை காலி. எஞ்சின் ஓடும்போது நிமிடத்துக்கு 2000 சுற்று, செல்ஃப் அடிக்கும்போது 200 கூட வருவது சிரமம். ஒழுகுவதற்குப் பத்து மடங்கு அவகாசம். உருட்டிவிட்டால் பிடிப்பதற்கும், மேட்டில் இழுவை குறையாததற்கும் காரணம் இந்த வேகம்தான். கூழை இதற்கு மேல் கிளறினால் அடிப்பிடிக்கும், இத்தோடு இறக்கிவிடலாம்.

அந்த இருபது நிமிடக் கணக்குக்கும் காரணம் உண்டு. ஓடும்போது டேங்கிலிருந்து வரும் டீசலே பம்பைக் குளிர்விக்கிறது. நிறுத்தியதும் அந்த ஓட்டமும் நிற்கிறது, ஃபேனும் நிற்கிறது. எஞ்சின் பிளாக்கின் சூடு மெதுவாகப் பம்பில் ஏறுகிறது. நிறுத்திய உடனே அடித்தால் பிடிக்கும் வண்டி, சற்றுக் கழித்து மறுப்பது இதனால்தான்.

வரலாறு சுருக்கமாக: பாஷ் 1927-இல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய இன்லைன் பம்பில் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர். அமெரிக்கரான வெர்னன் ரூசாவின் ரோட்டரி பம்ப், 1950-களில் எல்லா சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே பம்பிங் ஜோடியை வைத்து விலையைக் குறைத்தது. அந்த ஒரு ஜோடி தேய்ந்தால் எல்லா சிலிண்டருக்கும் ஒருசேரப் பட்டினி.

சோதிப்பதற்குச் செலவில்லை. செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கம்ப்ரஷனையும் டைமிங்கையும் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் போகவில்லை. பம்பில் மின்சார ஸ்டாப் சொலினாய்டு இருந்தால் சாவி போடும்போது ‘டிக்’ என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சூட்டில் காயில் பலவீனமாகிவிடுவதுண்டு. செல்ஃப் சுற்றும் வேகத்தையும் கவனியுங்கள். 60 டிகிரி சூடேறினால் செப்புச் சுற்றின் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடும். ஏற்கெனவே களைத்த மோட்டார் அதில் இன்னும் தளரும். ஏர் எடுக்கும் கோளாறு பெரும்பாலும் ராத்திரி முழுக்க நின்ற வண்டியில்தான் தெரியும். காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும் வண்டியில் அதை முதலில் சந்தேகிக்க வேண்டாம்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், பம்ப் மீது ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்து அடியுங்கள். பிடித்துக்கொண்டால் குற்றவாளி பம்ப்தான். குடத்தோடு தண்ணீரை ஊற்ற வேண்டாம். வெளிக்கூடு திடீரென்று சுருங்கி, உள்ளே சுழலும் ரோட்டரைக் கவ்விக்கொள்ளும்.

இப்போது வாட்ஸ்அப்புக்கு வருவோம். பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், உண்மை. கந்தகத்தைக் குறைக்கும் சுத்திகரிப்பில் டீசலின் வழவழப்பும் குறையும், அதுவும் உண்மை. ஆனால் அதை ஈடுகட்டத்தான் உராய்வுச் சோதனைக்குத் தர வரம்பு வைத்திருக்கிறார்கள்; பாகுத்தன்மைக்கும் வரம்பு உண்டு. பல்லாண்டு உழைத்துத் தேய்ந்த இரும்பின் பழியை டீசல் மேல் போடுவது வீடியோவுக்கு உதவும், வண்டிக்கு உதவாது. எந்த பாட்டிலும் தேய்ந்த இரும்பை வளர்க்காது. செல்போனோடு இணைக்கும் ஸ்கேனரும் வேண்டாம். சென்சாரே இல்லாத பம்பில் அது எதைப் படிக்கும்?

வைத்தியம் ஒன்றுதான்: ‘ஹெட் அண்ட் ரோட்டர்’ எனப்படும் அந்தச் சுழலும் தண்டையும் அதன் கூட்டையும் ஜோடியாக மாற்றுவது. பம்ப் நாசில் பட்டறையில் கேலிபரேஷன் பெஞ்சில் ஏற்றும்போது ஒன்றை மட்டும் வற்புறுத்துங்கள். பெஞ்சில் எண்ணெய் வழக்கமாக 40 டிகிரியில்தான் ஓடும். அந்தச் சூட்டிலும் அதிக வேகத்திலும் தேய்ந்த பம்பும் பாஸ் ஆகிவிடும். செல்ஃப் அடிக்கும் வேகத்தில் எத்தனை மில்லி தள்ளுகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். அந்த அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.