பழைய படம் சொல்லும் மும்பை

சர்ச்கேட் ரயில் நிலையம் மும்பையில் எல்லோருக்கும் தெரியும். தினமும் லட்சக்கணக்கான பேர் அங்கே ஏறி இறங்குகிறார்கள். 'சர்ச்' என்றால் தேவாலயம். 'கேட்' என்றால் வாசல். தேவாலய வாசல் என்று அந்த இடத்துக்குப் பெயர். சரி, அந்த வாசல் எங்கே?

ஸ்டேஷனைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் கிடைக்காது. அதை இடித்து நூற்று அறுபது ஆண்டுகள் ஆகின்றன.

அந்த நாளில் பம்பாய் நகரம் ஒரு கோட்டைக்குள் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய கோட்டை அது. சுற்றிலும் கல் மதில். மதிலுக்கு வெளியே அகழி. உள்ளே போக மூன்று வாசல்கள் இருந்தன. ஒன்று அப்பல்லோ வாசல். ஒன்று பஜார் வாசல். மற்றொன்று சர்ச் வாசல். அந்த வாசலில் நுழைந்து நேரே நடந்தால் புனித தோமையார் தேவாலயம் வரும். 1718-இல் திறந்த அந்தத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. அதற்கு வழிகாட்டிய வாசல்தான் இல்லை.

ஏன் இடித்தார்கள்? ஊர் பெருத்துவிட்டது. பஞ்சு வியாபாரத்தில் பணம் கொட்டியது. வெளியூரிலிருந்து ஜனங்கள் வந்து குவிந்தார்கள். கோட்டைக்குள் மூச்சு முட்டியது. 1860-களில் கவர்னராக இருந்த பார்ட்டில் ஃபிரியர் காலத்தில் மதிலை இடித்து அகழியை மூடினார்கள். மூன்று வாசல்களும் போயின. சர்ச் வாசல் இருந்த இடத்தில் 1864-இல் ஒரு நீரூற்று எழுந்தது. அதுதான் புளோரா பவுண்டன். கோட்டை மதிலில் ஒரு துண்டு மட்டும் செயின்ட் ஜார்ஜ் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தப்பி நிற்கிறது. கோட்டை போனாலும் பெயர் போகவில்லை. அந்தப் பகுதிக்கு இன்றும் 'ஃபோர்ட்' என்றுதான் பெயர்.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது? பழைய வரைபடம் சொல்கிறது. அரசாங்கக் காகிதம் சொல்கிறது. எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பழைய போட்டோ சொல்கிறது. பம்பாய்க்குக் காமிரா சீக்கிரமே வந்துவிட்டது. 1854-இலேயே இங்கே படம் எடுப்பவர்களின் சங்கம் ஒன்று தொடங்கியது. இந்தியாவில் முதல் பயணிகள் ரயில் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு ஓடியது 1853-இல். அதற்கு அடுத்த வருடம்தான் இது.

ஆனால் பழைய படத்தைப் பார்க்கத் தெரிய வேண்டும். எழுத்தைப் படிப்பது போலத்தான் அதுவும்.

முதலில் ஒரு விஷயம். மிகப் பழைய படங்களில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். ஆள் நடமாட்டமே இராது. 'அந்தக் காலத்தில் பம்பாய் எவ்வளவு அமைதியாக இருந்தது!' என்று சிலர் பெருமூச்சு விடுவார்கள். அது சரியல்ல. அன்றைய காமிராவில் பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அந்த ஈரம் காயும் முன் படம் எடுக்க வேண்டும். படம் பதியப் பல வினாடிகள் ஆகும். அதுவரை அசையாமல் நிற்பதுதான் படத்தில் விழும். கட்டடம் அசையாது. அது விழுந்தது. கூடை சுமந்த பெண்ணும், வண்டி இழுத்த கூலிக்காரரும் நடந்துகொண்டே இருந்தார்கள். அவர்கள் விழவில்லை. உற்றுப் பார்த்தால் சில படங்களில் புகை போல ஒரு மங்கல் தெரியும். அதுதான் நடந்து போன ஆள்.

அடுத்து, படத்தின் வயதைக் கண்டுபிடிப்பது. படத்தில் எது இருக்கிறது, எது இல்லை என்று பார்க்க வேண்டும். கடற்கரையை எடுத்த ஒரு படத்தில் தாஜ் ஹோட்டல் தெரிகிறது என்று வையுங்கள். பக்கத்தில் இந்திய வாசலைக் காணோம். 'கேட்வே ஆஃப் இந்தியா' என்கிறார்களே, அதுதான் இந்திய வாசல். தாஜ் ஹோட்டல் திறந்தது 1903-இல். இந்திய வாசல் திறந்தது 1924-இல். ஆகவே அந்தப் படம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் எடுத்தது. படத்தின் பின்னால் யாரும் எதுவும் எழுதாவிட்டாலும் இவ்வளவு சொல்லிவிடலாம். இன்னொரு வேடிக்கை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது இந்த வாசல். அவர் வந்தது 1911 டிசம்பரில். வாசல் திறந்தபோது அவர் வந்து போய்ப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன!

வண்டிகளும் வயது சொல்லும். பம்பாயில் குதிரை இழுக்கும் டிராம் 1874-இல் வந்தது. மின்சார டிராம் 1907-இல் வந்தது. மோட்டார் பஸ் 1926-இல் வந்தது. மாடி பஸ் 1937-இல் வந்தது. கடைசி டிராம் ஓடியது 1964 மார்ச் 31 அன்று. தெருவில் டிராமும் மாடி பஸ்ஸும் சேர்ந்து நின்றால் அந்தப் படம் 1937-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது.

கடைப் பலகையில் உள்ள எழுத்தையும் படியுங்கள். கடைக்காரர் பெயர், தெருப் பெயர், சினிமாப் படத்தின் பெயர், எது கிடைத்தாலும் அது ஒரு துப்பு. எழுத்து கண்ணாடியில் பார்ப்பது போல் தலைமாறித் தெரிந்தால், கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது படத்தில் இடது பக்கம் இருக்கும் கட்டடம் உண்மையில் வலது பக்கம் இருந்தது. எழுத்துத் தெரிந்தவர்தான் இதைப் பிடிக்க முடியும்.

சில கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. ஆனாலும் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால் ஏதோ ஒன்று குறையும். போரிபந்தரில் உள்ள பெரிய ரயில் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விக்டோரியா டெர்மினஸ், சுருக்கமாக வி.டி. என்று பெயர் பெற்றது அது. இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். கட்டத் தொடங்கியது 1878-இல். முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. பழைய படத்தில் முகப்புக் கடிகாரத்தின் கீழே விக்டோரியா ராணியின் சிலை இருக்கும். இன்று அந்த மாடம் காலி. வாசலில் ஒரு சிங்கமும் ஒரு புலியும் உட்கார்ந்திருக்கின்றன. சிங்கம் இங்கிலாந்தைக் குறிக்கும். புலி இந்தியாவைக் குறிக்கும். ராணி போய்விட்டார். சிங்கம் மட்டும் ஏனோ தப்பித்துக்கொண்டது.

காலா கோடாவின் கதையும் இப்படித்தான். காலா கோடா என்றால் கருப்புக் குதிரை. 1879-இல் அங்கே குதிரைமேல் ஓர் இளவரசர் சிலையை வைத்தார்கள். அவரே பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் ஆனார். ஜனங்கள் இளவரசரைக் கண்டுகொள்ளவில்லை. குதிரையின் பெயரைத்தான் இடத்துக்கு வைத்தார்கள். 1965-இல் சிலையை அங்கிருந்து எடுத்து பைகுல்லா ராணி பாக்குக்குக் கொண்டுபோனார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் குதிரை இல்லாமலே அந்த இடம் கருப்புக் குதிரையாக இருந்தது. 2017-இல் புதிதாக ஒரு குதிரை வந்தது. இந்த முறை முதுகில் யாரும் இல்லை.

அதே காலா கோடாவில் வாட்சன் ஹோட்டல் என்று ஒன்று இருந்தது. 1860-களின் கடைசியில் கட்டிய வீடு. இரும்புத் தூணும் உத்தரமும் இங்கிலாந்தில் வார்த்து, கப்பலில் ஏற்றி வந்து, இங்கே பூட்டி நிறுத்தினார்கள். பழைய படத்தில் சுற்றிலும் திறந்த தாழ்வாரத்தோடு கம்பீரமாக நிற்கும். 1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகச் சினிமா காட்டியது அங்கேதான். பிறகு ஹோட்டல் மூடியது. எஸ்பிளனேட் மேன்ஷன் என்று பெயர் மாறியது. அறைகளைத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். தாழ்வாரங்களை அடைத்தார்கள். 2005-இல் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிர்ச்சேதம் ஆனது. 2019-இல் உள்ளே இருந்தவர்களைக் காலி செய்தார்கள். அதைக் கடந்து போகிறவர்களிடம் பழைய படத்தைக் காட்டினால், இதுவா அது என்று நம்ப மாட்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ராஜாவும் பணக்காரர்களும் கட்டியவை. அவற்றைப் படம் எடுக்க ஆள் இருந்தது. தபால் அட்டையாக அச்சடித்து விற்றார்கள். தொழிலாளிகள் வேலை செய்த இடமும் குடியிருந்த இடமும் அப்படி இல்லை. பரேல், லால்பாக் பக்கம் வரிசையாகப் பஞ்சாலைகள் இருந்தன. 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பிறகு பல ஆலைகள் நிமிரவே இல்லை. அந்த இடங்களில் கடைவளாகமும் அலுவலகக் கோபுரமும் எழுந்தன. லோயர் பரேலில் பீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி மட்டும் கடைவளாகத்தின் நடுவில் நிற்கிறது. அங்கே துணி வாங்க வருகிறவர்களுக்கு, அந்த இடமே துணி நெய்த இடம் என்று தெரியாது.

தாராவியில் உள்ள கோட்டையையும் பல பேருக்குத் தெரியாது. காலா கில்லா பஸ் டிப்போ என்றால் தெரியும். காலா கில்லா என்றால் கருப்புக் கோட்டை. அந்தக் கோட்டை டிப்போ அருகிலேயே, வீடுகளுக்கு நடுவில் மறைந்து நிற்கிறது. மித்தி ஆற்றுக்கு அப்பால் சாஷ்டித் தீவு. 1737-இல் மராட்டியர்கள் அதைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அதே ஆண்டில் இங்கிலீஷ்காரர்கள் இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டியது என்று ஆண்டோடு கல்லில் வெட்டி வைத்தார்கள். வி.டி. நிலையத்தைவிட நூற்று ஐம்பது ஆண்டு மூத்தது. ஆனால் தபால் அட்டையில் அதைப் பார்க்க முடியாது.

செம்பூருக்கு வருவோம். சயான்–டிராம்பே சாலையில் ஆர்.கே. ஸ்டுடியோ இருந்தது. ராஜ் கபூர் 1948-இல் தொடங்கியது. 2017 செப்டம்பரில் தீப்பிடித்து உள்ளே இருந்த பழைய உடைகளும் பொருள்களும் எரிந்தன. 2019-இல் இடத்தை விற்றுவிட்டார்கள். ஸ்டுடியோ இப்போது படத்தில்தான்.

அது சினிமாக்காரர்கள் இடம். ஆயிரம் படம் இருக்கும். பக்கத்தில் திலக் நகரை யார் எடுத்தார்கள்? வீட்டு வசதி வாரியம் கட்டிய சின்னச் சின்ன மாடிக் கட்டடங்கள் அங்கே இருந்தன. பெயர்கூட இல்லை, நம்பர்தான். ஒவ்வொரு கட்டடமாக இடித்து உயரக் கோபுரம் கட்டுகிறார்கள். புது வீட்டில் லிப்ட் இருக்கிறது, இடமும் கூடுதல். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் பழைய கட்டடம் எப்படி இருந்தது என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால், காட்ட எந்த மியூசியத்திலும் படம் இராது. வீட்டு அலமாரியில்தான் இருக்கும். கல்யாணப் படத்தில், மாப்பிள்ளை பின்னால் ஒரு படிக்கட்டு. விநாயகர் சதுர்த்திப் படத்தில், பந்தலுக்குப் பின்னால் துணி காயும் தாழ்வாரம். பள்ளிக்கூட உடுப்பில் நிற்கும் பெண் பிள்ளையின் தலைக்கு மேலே கட்டடத்தின் நம்பர். எடுத்தவர் கட்டடத்தை எடுக்க நினைக்கவே இல்லை. அது தானாக வந்து விழுந்தது.

ஏழைக்குப் பழைய படம் வெறும் நினைவு மட்டும் அல்ல. 1976 ஜனவரியில் மகாராஷ்டிர அரசு பம்பாயில் உள்ள குடிசைகளைக் கணக்கெடுத்தது. கணக்கில் வந்த குடிசைக்காரர்களுக்கு 'போட்டோ பாஸ்' என்று ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் படம் ஒட்டிக் குடிசையின் எண்ணை எழுதியிருப்பார்கள். அப்போது பலர் அதைச் சாதாரணமாக நினைத்தார்கள். மழையில் நனைந்தது, கரையான் அரித்தது. பிறகு குடிசைக்குப் பதில் வீடு என்று திட்டம் வந்தபோது, எந்தத் தேதிக்கு முன்பிருந்து இருக்கிறாய் என்ற கேள்வியும் வந்தது. முதலில் 1995 ஜனவரி 1 என்றார்கள். பின்னர் 2000 ஜனவரி 1 என்றார்கள். தாராவியில் 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்கத் தொடங்கியபோதும் அதே கேள்விதான். போட்டோ பாஸைப் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்கு அது கையில் ஒரு பலம். சாதாரணக் குடும்பப் படத்தை மட்டும் காட்டி வீடு கேட்க முடியாது. வாக்காளர் பட்டியல், மின்சார பில், ரேஷன் கார்டு போன்ற காகிதங்கள் வேண்டும். அவற்றையும் படங்களையும் ஒரே பெட்டியில், ஈரம் படாமல் வைப்பது நல்லது.

படத்தைப் பாதுகாக்கச் செலவு அதிகம் இல்லை. பசை போட்டு ஒட்டக் கூடாது. ஒட்டினால் பின்னால் உரித்து எடுக்க முடியாது. சுவரில் வெயில் படும் இடத்தில் மாட்டினால் சாயம் போய்விடும். செல்போனில் ஒரு நகல் எடுத்து இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஒரு வீட்டில் போனாலும் மற்றொரு வீட்டில் இருக்கும். பேனாவால் பின்புறம் எழுதினால் மை முன்பக்கம் ஊறும். பென்சிலால் மெதுவாக எழுத வேண்டும், அழுத்தக் கூடாது. வீட்டில் வயதானவர் இருந்தால் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு எழுதுங்கள். நீளமாக எழுத வேண்டியதில்லை. எந்த ஆண்டு, எந்த இடம், எந்தக் கட்டடம், படத்தில் இடமிருந்து வலமாக யார் யார் நிற்கிறார்கள் என்று நான்கு வரி.