செயலி செல்போனில் இறங்க மறுக்கிறதா?

மழைக்கு முன் சரிசெய்துகொள்ளும் எளிய வழிகள்

ஆவணி கழிந்து புரட்டாசி பிறந்தால் தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் கிராமங்களில் விதைப்புக்கான ஏற்பாடு தொடங்கிவிடும். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரங்களில் உளுந்து, பாசி, மக்காச்சோளம், கம்பு, மிளகாய் ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பியே பயிரிடப்படுகின்றன. தாமிரபரணிப் பாசனம் பெறும் ஸ்ரீவைகுண்டம், ஏரல், திருச்செந்தூர்ப் பகுதிகளில் நெல்லும் வாழையும் முக்கியம். எந்தப் பயிரானாலும் விதை இருப்பு, மழை முன்னறிவிப்பு, பயிர்க் காப்பீட்டின் கடைசித் தேதி ஆகிய மூன்றும் உரிய காலத்தில் தெரிந்தால்தான் பலன் உண்டு.

இந்தச் செய்திகள் பலவும் இப்போது செல்போன் செயலிகள் வழியாகக் கிடைக்கின்றன. ஆனால் செயலியை இறக்கிக்கொள்ள முயலும் விவசாயிகளில் பலர், "வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது", "இடம் இல்லை என்கிறது" என்று பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தடைகளுக்குக் காரணம் சிறியதுதான். மடையில் அடைத்த சருகை எடுத்துவிட்டால் தண்ணீர் பாய்வது போல, காரணத்தைக் கண்டு நீக்கினால் செயலியும் இறங்கிவிடும்.

எந்தச் செயலி எதற்கு?

தமிழக அரசின் "உழவன்" செயலி 2018 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. மானியத் திட்டங்கள், விதை மற்றும் உர இருப்பு, இயந்திர வாடகை, பயிர்க் காப்பீடு, சந்தை விலை, வானிலை ஆகிய விவரங்கள் இதில் தமிழில் கிடைக்கின்றன. 2019-ல் வெளிவந்த "மேக்தூத்" செயலியில் மாவட்ட வாரியாக வேளாண் வானிலை அறிவுரை செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் வெளியாகிறது. இடி மின்னல் எச்சரிக்கைக்கு "தாமினி" என்ற செயலி உள்ளது. திறந்தவெளியில் களையெடுப்போருக்கும் ஆடு மேய்ப்போருக்கும் இது மிகவும் பயன்படும்.

முத்துக் குளிப்புக்குப் பெயர் பெற்ற இக்கடலோரத்தில் 1961-க்குப் பிறகு முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. மீன்பிடிப்பு தொடர்கிறது. காற்றின் வேகம், அலையின் உயரம் ஆகியவற்றை மீனவருக்குத் தெரிவிக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் "ஃபிஷர் ஃபிரண்ட்" செயலி இருக்கிறது. கீழே கூறப்படும் முறைகள் இவை அனைத்துக்கும் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியவை

செல்போனை முழுவதும் அணைத்து, ஒரு நிமிடம் கழித்து மீண்டும் இயக்க வேண்டும். இதிலேயே பல கோளாறுகள் நீங்கிவிடும். பிறகு இன்டர்நெட் இணைப்பு இருக்கிறதா, அன்றைய டேட்டா தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பேச்சுக்கு சிக்னல் இருந்தாலும் டேட்டா மெதுவாக வரும் ஊர்கள் உண்டு. அப்படிப்பட்ட இடங்களில் அதிகாலையில் முயன்று பார்ப்பது நல்லது. கடைத்தெருவுக்கோ நகரத்துக்கோ செல்லும்போது இறக்கிக்கொண்டு வந்துவிடலாம்.

இடம் இல்லை என்று சொன்னால்

விளைச்சல் வீடு வந்து சேரும்போது களஞ்சியம் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? செல்போனிலும் குறைந்தது 1 ஜி.பி. அளவுக்காவது காலி இடம் வைத்திருப்பது நல்லது. "செட்டிங்ஸ்" பகுதியில் "ஸ்டோரேஜ்" என்பதைத் தொட்டால் எவ்வளவு இடம் மீதம் உள்ளது என்று தெரியும்.

இடத்தை அடைப்பவை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் தினமும் வந்து சேரும் வீடியோக்களும் வாழ்த்துப் படங்களுமே. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" பகுதிக்குச் சென்றால் பெரிய கோப்புகள் வரிசையாகக் காட்டப்படும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். படங்கள் தாமாகவே இறங்குவதையும் அதே பகுதியில் நிறுத்திவிடலாம். பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் படங்கள் இருந்தால், வீட்டில் உள்ள வேறொரு போனுக்கு அனுப்பி வைத்த பிறகே நீக்கும் வேலையில் இறங்க வேண்டும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

"பெண்டிங்" என்று காட்டி நின்றுவிட்டால், வேறு செயலிகள் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டிருப்பதால் இது வரிசையில் காத்திருக்கிறது என்று பொருள். பிளே ஸ்டோரின் மேல் மூலையில் உள்ள உங்கள் பெயர்க் குறியைத் தொட்டு, நடந்துகொண்டிருக்கும் மற்றவற்றை நிறுத்திவிட்டால் வழி கிடைக்கும்.

வைஃபை இருந்தால் மட்டுமே இறக்க வேண்டும் என்று சில போன்களில் அமைக்கப்பட்டிருக்கும். கிராமத்தில் வைஃபைக்கு எங்கே போவது? பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் "நெட்வொர்க்" தொடர்பான பகுதியில் "எந்த நெட்வொர்க்கிலும்" என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்படியும் நகரவில்லையென்றால் செட்டிங்ஸில் "ஆப்ஸ்", அதில் "கூகுள் பிளே ஸ்டோர்", அதில் "ஸ்டோரேஜ்" என்று சென்று "கிளியர் கேஷ்" என்பதைத் தொடவும். தற்காலிகமாகச் சேர்ந்த குப்பைகள் மட்டுமே இதில் நீங்கும். உங்கள் படங்களுக்கும் எண்களுக்கும் எதுவும் ஆகாது.

தேதி தவறினாலும் தடை

போனில் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பிளே ஸ்டோர் இணைப்பை ஏற்காமல் போகலாம். பேட்டரி முழுவதும் தீர்ந்து பல நாள் கிடந்த போன்களில் இக்கோளாறு காணப்படும். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதியில் "தானாக அமைக்க" என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

கணக்கு யாருடையது?

பிளே ஸ்டோரைப் பயன்படுத்த கூகுள் கணக்கு வேண்டும். போன் வாங்கும்போது கடைக்காரரே தமது கணக்கையோ, அவசரத்துக்கு உருவாக்கிய ஒரு கணக்கையோ போட்டுக் கொடுத்துவிடுவது உண்டு. பின்னால் பாஸ்வேர்டு கேட்கும்போது யாருக்கும் தெரியாது. நீங்கள் எடுக்கும் படங்களும் சேமிக்கும் எண்களும் அடுத்தவர் கணக்கில் போய்ச் சேரவும் இடம் உண்டு. எனவே செட்டிங்ஸில் "அக்கவுண்ட்ஸ்" பகுதியில் சொந்தமாக ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்வது நலம். பாஸ்வேர்டை வீட்டில் பத்திரமான நோட்டில் எழுதி வைக்கலாம். போன் உறைக்குள் எழுதிச் செருகி வைக்கக் கூடாது.

பழைய போனாக இருந்தால்

"உங்கள் போனுக்கு இச்செயலி பொருந்தாது" என்று வந்தால், போனின் ஆண்ட்ராய்டு பழையது என்று அறியலாம். செட்டிங்ஸில் "சிஸ்டம் அப்டேட்" இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் அந்தப் போனோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. இதற்காகக் கடன் வாங்கிப் புதுப் போன் வாங்கவும் தேவையில்லை. வீட்டில் வேறொருவர் போனில் இறக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஓ.டி.பி. வரவில்லையா?

செயலி இறங்கிய பிறகு பதிவு செய்யும்போது எண் கேட்கும். ஆதாரிலோ வங்கியிலோ வேறு எண் கொடுத்திருந்தால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்கே போகும். மகனின் எண்ணைக் கொடுத்து, மகன் திருப்பூரிலோ சென்னையிலோ வேலையில் இருந்தால், இங்கே காத்திருப்பதில் பலன் இல்லை. ஆதார் சேவை மையத்திலும் வங்கியிலும் தாங்களே பயன்படுத்தும் எண்ணைப் பதிந்துகொள்ள வேண்டும்.

சான்று அட்டை இல்லாத விதை வேண்டாம்

மேலே சொன்னவற்றை எல்லாம் விட முக்கியமானது இது. பிளே ஸ்டோரில் இறங்கவில்லை என்றதும், "இதோ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தொட்டால் போதும்" என்று யாராவது சொல்வார்கள். அப்படி வருவது "ஏ.பி.கே." என்று முடியும் கோப்பு. ஆண்டுக்கு மூன்று தவணையாக 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தின் பெயரிலேயே இத்தகைய போலிக் கோப்புகள் நாட்டின் பல பகுதிகளில் அனுப்பப்பட்டுள்ளன. இதை ஏற்றிவிட்டால், போனுக்கு வரும் குறுஞ்செய்திகளை மோசக்காரன் இருந்த இடத்திலிருந்தே படிப்பான். ஓ.டி.பி.யை அறிந்துகொண்டு கணக்கில் உள்ள பணத்தை எடுத்துவிடுவான். விதைக்கும் உரத்துக்கும் வைத்திருந்த பணம் ஒரே இரவில் போய்விடும்.

சான்று அட்டை இல்லாத விதையை யாரும் நிலத்தில் போடுவதில்லை. செயலிக்கும் அதே விதிதான். பிளே ஸ்டோரில் மட்டுமே இறக்க வேண்டும். அங்கும் ஒரே மாதிரிப் பெயரில் பல செயலிகள் தோன்றும். எல்லாச் சிப்பியிலும் முத்து இருப்பதில்லை. வெளியிட்டது யார் என்பதைப் பெயருக்குக் கீழே பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டிக் கேட்ட பிறகு இறக்கலாம். "தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதிக்கவா?" என்று போன் கேட்டால் மறுத்துவிட வேண்டும்.

தவறி ஏற்றிவிட்டால் உடனே டேட்டாவை நிறுத்தி, வேறு போனிலிருந்து வங்கிக்குத் தெரிவித்துக் கணக்கை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவாகச் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் மீள வாய்ப்பு உண்டு. பிறகு அச்செயலியை நீக்கி, ரகசிய எண்களை எல்லாம் மாற்றிவிட வேண்டும்.

மழை வந்த பின் முயல்வது வீண்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. தாமிரபரணிக் கரையில் நெல்லும் வாழையும் நீரில் மூழ்கின. பல ஊர்களில் மின்சாரமும் செல்போன் தொடர்பும் துண்டிக்கப்பட்டன. அந்த நேரத்தில் செயலியை இறக்க முடியுமா? பயிர்க் காப்பீட்டில் சில வகை இழப்புகளை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆகவே பருவமழைக்கு முன்பே செயலியை இறக்கி, பதிவு செய்து, ஒருமுறை திறந்து பார்த்துவிட வேண்டும். முக்கியமான எண்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பதும் அவசியம்.

செயலி இல்லாதவர் கவலைப்பட வேண்டியதில்லை. விவசாயிகள் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் சாதாரண போனிலிருந்தே காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை அழைத்துத் தமிழில் ஆலோசனை பெறலாம். பயிர்க் காப்பீட்டுக்குப் பொதுச் சேவை மையத்திலோ வங்கியிலோ பதிவு செய்து ரசீது பெறலாம்.

செயலியில் ஐயம் உள்ளவர்கள், போனையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகினால் உதவி கிடைக்கும். விதை வாங்கச் செல்லும் நாளிலேயே இந்த வேலையையும் முடித்துக்கொண்டால் இன்னொரு நாள் கூலி மிச்சம்.