சிக்னலில் முந்துவது யார்?

சென்னை லஸ் முனை சிக்னல். ஒரு பக்கம் ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650, நம்ம சென்னைக் கம்பெனியின் க்ரூஸர். பக்கத்தில் கேடிஎம் ஆர்சி 390 ஸ்போர்ட்ஸ் பைக். பச்சை விழுந்தால் முதலில் பறப்பது எது?

என்ஃபீல்டுக்கு 648 சிசி, 47 குதிரைத்திறன். கேடிஎம்முக்கு 373 சிசிதான். ஆனாலும் சுமார் 43 குதிரைத்திறன். எடையில்தான் விஷயம். 241 கிலோவுக்கு எதிரே சுமார் 172. பின்சீட்டில் ஆளே இல்லாமல் ஓர் ஆளைச் சுமக்கிறது என்ஃபீல்டு! கிளம்பும்போது அதன் டார்க், அதாவது முறுக்குவிசை, கைகொடுக்கும். கேடிஎம்மை முறுக்க முறுக்கத்தான் வேகம் பிறக்கும். பிறந்த பிறகு பிடிக்க முடியாது.

அப்படியென்றால் க்ரூஸர் எப்போதுமே தோற்குமா? இல்லை. ட்ரையம்ஃப் ராக்கெட் 3 என்று ஓர் அசுரன் இருக்கிறான். 2458 சிசி, நம் ஊர்க் கார்கள் பலவற்றின் இன்ஜினைவிடப் பெரியது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 96 கிலோமீட்டரை எட்ட 2.73 விநாடி போதும் என்று 2019-ல் ட்ரையம்ஃப் கம்பெனி அறிவித்தது. நீளமான, தாழ்வான வண்டி என்பதால் முன்சக்கரம் எளிதில் தூக்காது. குட்டையான ஸ்போர்ட்ஸ் பைக்கில் அப்படித் திருகினால் முன்சக்கரம் வானம் பார்க்கும். ஆனால் நூறைத் தாண்டிய பிறகு ஆயிரம் சிசி ஸ்போர்ட்ஸ் பைக்தான் ராஜா.

யார் ராஜா என்று பார்த்தே தீரணுமா? இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் திடல் இருக்கிறது. நகரச் சாலைகளை விட்டுவிடுங்கள், நேயர்களே!